கோடு மேலேயா, கீழேயா

அந்த ஆடி மாதம், நான் எழுதிய நிரூபணம் என் கூற்று சரி என்றது. என் தோழி எழுதிய புரோகிராம் அதே கூற்று தப்பு என்றது. நான் பக்கம் பக்கமாக எழுதி, நிரூபணம் முடிந்தது என்பதற்கு அடையாளமாக முடிவில் சின்னதாக ஒரு சதுரம் போட்டு மூடி வைத்திருந்தேன். அவளுடைய லேப்டாப் அதையெல்லாம் மதிக்காமல், நான்கே புள்ளிகள் கொண்ட ஒரு உதாரணத்தைக் காட்டி, இதோ இந்த இடத்தில் உடைகிறது என்றது.

திருவள்ளூர் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன். வீடு மணவாள நகரில். வேலைக்கு நடுவே பகுதிநேரமாக ஆராய்ச்சிக்குப் பதிவு செய்திருந்தேன். தோழியும் நானும் எம்.எஸ்ஸி. ஒன்றாகப் படித்தவர்கள். அவள் கும்மிடிப்பூண்டிக்கு அப்பால் ஆந்திர எல்லையை ஒட்டிய ஒரு ஊர்க்காரி. வீட்டில் நெல் விவசாயம், அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவாள். படிப்பு முடிந்ததும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்துவிட்டாள். அங்கே வரும் அளவீடுகளைக் கையால் கூட்டிக் கழிக்க அலுத்துப்போய், தானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தாள். என் ஆராய்ச்சி எப்படிப் போகிறது என்று ஒருமுறை போனில் கேட்டாள். சொன்னேன். "அனுப்பு, பாக்கறேன். லீவு நாள்ல டிவி பாத்துக்கினு குந்தறதுக்கு இத பாக்கலாம்" என்றாள். எழுதி வைத்திருந்ததை அப்படியே அனுப்பினேன்.

என்ன ஆராய்ச்சி என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் வாய் குழறும். ஒருநாள் சாப்பாட்டில் என் கணவர் கேட்டார். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கன்டெய்னர் பிரிவில் வேலை பார்க்கிறவர், எதுவும் எங்கே இருக்கிறது, எங்கே போகிறது என்பது தெளிவாகத் தெரிந்தாக வேண்டும் அவருக்கு. தட்டில் கிடந்த முருங்கைக்காய்த் துண்டைக் காட்டி ஆரம்பித்தேன். இதற்கு இரண்டு முனை, நடுவில் ஒரு நீளம். முனைகள் இரண்டு புள்ளி. நடுவில் இருக்கிற நீளம் முழுவதையும் ஒரே புள்ளியாக எண்ணிக்கொண்டால் மொத்தம் மூன்றே மூன்று புள்ளி. கணக்கில் இதுவும் ஒரு 'ஸ்பேஸ்', ஒரு வெளிதான். ஆனால் இங்கே புள்ளிகள் தனித்தனியாக நிற்காது. நீளத்தை மூடி எடுக்கவேண்டும் என்றால் இரண்டு முனைகளும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். முனையை எடுத்தால் அது மட்டும் வரும்.

இதில் நகர்வு என்றால், நீளத்திலிருந்து முனைக்குப் போகலாம், முனையிலிருந்து நீளத்துக்குத் திரும்ப முடியாது. இரண்டையும் ஒரு கட்டாகக் கட்டிவிட்டால் மட்டும், அந்தக் கட்டுக்குள் எங்கிருந்தும் எங்கும் போகலாம். இப்படிப் பல துண்டுகளை ஒட்டி, பல கட்டுகள் போட்டால், உள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிற சில கூட்டங்கள் அமையும். அந்தக் கூட்டங்களைப் பற்றித்தான் என் ஆராய்ச்சி.

"அப்போ ஒரு புள்ளி அடுத்து எங்க போகும்னு உனக்குத் தெரியும்?"

"எங்கெல்லாம் போகலாம்னு தெரியும்."

"எங்க போகும்னு?"

"தெரியாது. அப்படி ஒண்ணு கிடையாது."

அவர் முருங்கைக்காயைக் கடித்துச் சாறை உறிஞ்சிவிட்டு, துறைமுகத்தில் இப்படிப் பதில் சொன்னால் மறுநாள் வேலைக்கு வரவேண்டாம் என்பார்கள் என்றார். கேலிதான். ஆனால் ஒருவருக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாத ஒன்று எனக்கு மட்டும் புரிந்திருக்கிறதா என்று அன்றைக்கே உள்ளே உறுத்தியது.

தோழி அந்த நான்கு புள்ளி உதாரணத்தைப் படமாக வரைந்து அனுப்பியபோது நான் பதறவில்லை. நான்கு புள்ளிதானே, உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். காலையில் கல்லூரிக்குப் போகிற மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கைப்பையிலிருந்து ஒரு வெற்றுக் காகிதத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். உடையவில்லை. என் கூற்று அப்படியே நின்றது. நிம்மதியாக இறங்கினேன்.

மதியம் ஆசிரியர் அறையில், என் ஆராய்ச்சிக் கட்டுரையின் பக்கங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளுக்கு ஒழுங்காக எழுதி அனுப்பலாம் என்று மறுபடி போட்டேன். உடைந்தது. அவள் சொன்ன அதே இடத்தில், அவள் சொன்ன அதே மாதிரி. மீண்டும் ஒருமுறை போட்டேன். உடைந்ததுதான்.

சாயங்காலம் ரயிலில் நின்றுகொண்டே மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது.

இப்படியே சில நாட்கள் போயின. ரயிலில் சரி, கல்லூரியில் தப்பு. முதலில் தூக்கம் போதாமல் கவனம் பிசகுகிறதோ என்று சந்தேகப்பட்டேன். பிறகு கண்ணைச் சந்தேகப்பட்டேன். வகுப்பில் கரும்பலகையில் சாதாரண வகைக்கெழு எழுதும்போதுகூட, நடுவில் நின்று, எழுதியதைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தேன். முன் வரிசைப் பெண் ஒருத்தி, "மேம், கரெக்டாதான் இருக்கு" என்று தானாகச் சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாகக் கணக்கு என்றால் ஒன்று சரி அல்லது தப்பு என்று நம்பிக்கொண்டிருந்தவளுக்கு, ஒரே கணக்கு இடத்துக்கு இடம் மாறுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? என் ஆராய்ச்சி வழிகாட்டி அப்போது மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போயிருந்தார். மின்னஞ்சலுக்குச் சுருக்கமாகப் பதில் போட்டார். வரையறைகளை மறுபடி பார்க்கும்படி எழுதியிருந்தார். வரையறைகள் எனக்கு மனப்பாடம், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

தோழிக்குப் போன் போட்டு, உன் புரோகிராமில்தான் ஏதோ பிசகு இருக்கும் என்றேன். "இருக்கும்" என்றாள். ஷிப்டுக்கு நேரமாகிறது என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் போன் எடுக்கவில்லை. மறுநாள் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் வந்தது. அடுத்த நாளும் அதே குரல். கோபம் என்று எடுத்துக்கொண்டேன். படிப்பைத் தொடர முடியாமல் வேலைக்குப் போனவளிடம், பிசகு உன்னுடையதுதான் என்று ஒரே வார்த்தையில் தள்ளியது அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். அடுத்த நிமிஷமே, அப்படியெல்லாம் நினைக்கிறவள் இல்லையே என்றும் தோன்றியது. இரண்டில் எது என்று பிடிபடவில்லை.

அந்த வாரம் நடுவில், தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. 'கோடு மேலயா கீழயா?' அவ்வளவுதான். ஆவணியில் கணவரின் அக்கா மகளுக்குக் கல்யாணம். அதற்கு ஒரு ரவிக்கை தைக்க மணவாள நகர் கடைத்தெருவில் கொடுத்திருந்தேன். கையில் ஒரு கோடு மாதிரி சரிகை வைத்துத் தைக்கச் சொல்லியிருந்தேன். தையற்காரர்தான் கேட்கிறார் என்று நினைத்து, 'கீழதான். மெல்லிசா இருந்தா போதும்' என்று பதில் போட்டேன். சரி என்றோ நன்றி என்றோ பதில் இல்லை. அதை மறந்தும்விட்டேன்.

சனிக்கிழமை கல்லூரி விடுமுறை. அவள் போன் இன்னும் அணைந்தே இருந்தது. நேரிலேயே போய்விடுவது என்று கிளம்பினேன். திருவள்ளூரிலிருந்து பேசின் பிரிட்ஜ் வரை ஒரு ரயில், அங்கே இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டிக்கு மாறவேண்டும். பேசின் பிரிட்ஜில் அறிவிப்பு ஒன்று சொல்ல, வண்டி வேறு பிளாட்பாரத்தில் வந்து நிற்க, ஓடி ஏறினேன். ஏறிய பிறகும் இது கும்மிடிப்பூண்டிக்குத்தான் போகிறதா என்று மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் ஆமாம் என்றார்கள். அப்படியும் பொன்னேரி தாண்டும்வரை எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் நிலைமை அப்போது அப்படி.

தொழிற்பேட்டையில் அவளுடைய தொழிற்சாலையைக் கண்டுபிடித்து, வாசலில் காவலுக்கு இருந்தவரிடம் அவள் வேலை பார்க்கும் பிரிவைச் சொன்னேன். உள்ளே போன் அடித்துப் பார்த்துவிட்டு, அப்படி யாரும் இல்லை என்றார். வேலையை விட்டுவிட்டாளா, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டேன். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வெயிலில் நின்றேன். எதிர் வரிசையில் இருந்த உருக்காலையிலிருந்து லாரிகள் கம்பி ஏற்றிக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. நிற்பதைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ என்னவோ, காவலர் இன்னொருவரைக் கூப்பிட்டு விசாரித்தார். பரிசோதனைக் கூடத்தைப் பின் தெருவில் இருக்கும் இரண்டாவது யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்களாம். அதற்கு வாசல் வேறு.

சுற்றிக்கொண்டு அந்த வாசலுக்குப் போவதற்கும் ஷிப்டு விடுவதற்கும் சரியாக இருந்தது. ஒரே மாதிரி நீலச் சட்டை போட்டவர்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவள் என்னை முதலில் பார்த்துவிட்டாள்.

"நீ இன்னா இங்க கீற?" என்றாள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. வியப்புதான்.

போன் எடுக்கவில்லையே, அதனால் வந்தேன் என்றேன். போன் தண்ணீர் டிரம்மில் விழுந்துவிட்டதாம். ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறாளாம். "அதான் தம்பி நம்பர்லர்ந்து கேட்டேனே. நீயும் பதில் போட்டியே" என்றாள்.

"நான் எப்போ பதில் போட்டேன்?"

"கோடு மேலயா கீழயான்னு கேட்டேன், நீ கீழதான்னு சொன்னே. மெல்லிசா இருந்தா போதும்னு வேற சொன்னே. அந்த மெல்லிசு இன்னான்னுதான் புரியாம அன்னியிலர்ந்து ஒரே பேஜாரு."

எனக்குச் சிரிப்பு வருவதற்குள் தலை சுற்றியது. ரவிக்கைக் கதையை அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவே இல்லை. சாலையோரம் அப்படியே நின்றுவிட்டாள்.

"அப்போ அது பதில் இல்லியா?"

"இல்ல. எதுக்கு அதைக் கேட்டே?"

"உன் மொதல் பக்கத்துல முனைக்கு மேல கோடு இருக்குது. பின்னாடி போனா கோட்டுக்கு மேல முனை இருக்குது. எது உன்னுதுன்னு தெரியல. அதான் கேட்டேன்."

அவளுடைய பஸ்ஸை விட்டுவிட்டு, இருவரும் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் போனோம். வழியில் டீக்கடையில் அவள் பசிக்கிறது என்று இரண்டு போண்டா சாப்பிட்டாள். காலையில் நாஷ்டாவே பண்ணவில்லையாம். பிளாட்பாரத்தின் கோடியில் நிழலாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். என் கட்டுரையைத் திறந்தாள்.

விஷயம் இதுதான். இந்த மாதிரி வெளிகளில் புள்ளிகளை ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிப் படம் போடுவது வழக்கம். நீளத்தை, அதாவது கோட்டை, மேலே வைத்து முனைகளைக் கீழே தொங்கவிடுகிறவர்கள் உண்டு. முனைகளை மேலே வைத்து நீளத்தைக் கீழே போடுகிறவர்களும் உண்டு. எப்படிப் போட்டாலும் கணிதம் ஒன்றுதான், தலைகீழாகத் தெரியும், அவ்வளவே. நான் ஆரம்பத்தில் படித்த கட்டுரைகள் ஒரு விதம். வழிகாட்டி பிறகு கொடுத்தவை இன்னொரு விதம். இடையில் மாறியபோது நான் முன்பக்கங்களை மாற்றி எழுதிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். பாதி மாறியிருந்தது, பாதி மாறவில்லை. எந்தப் பக்கம் நகர்வது என்பது ஒரு விதத்திலும், எதை எடுத்தால் எது ஒட்டிக்கொண்டு வரும் என்பது இன்னொரு விதத்திலும் என் பக்கங்களில் எழுதப்பட்டிருந்தது.

ரயிலில் நான் மனசில் இருந்ததை வைத்துப் போட்டேன், அது முழுக்க ஒரே விதம். கல்லூரியில் கட்டுரைக் காகிதத்தைப் பார்த்துப் போட்டேன், அது கலவை. அவளுடைய புரோகிராம் நான் எழுதியதை எழுதியபடியே நம்பியது.

அது புரிந்த கணத்தில் பெரிய வெளிச்சம் எதுவும் வரவில்லை. அதற்கு நேர்மாறாக, இன்னும் மோசமாகக் குழம்பினேன். அப்படியானால் நான் நிரூபித்தது எதை? காகிதத்தில் இருப்பதையா, மனசில் இருப்பதையா? காகிதத்தில் இருக்கும் நிரூபணத்தின் ஒவ்வொரு வரியையும் நான்தானே சரிபார்த்தேன், அப்போது எந்த விதத்தை நினைத்துக்கொண்டிருந்தேன்? அவளிடமே கேட்டேன். "அத என்னாண்ட கேட்டா?" என்றாள்.

அவள் இரண்டையும் ஓட்டிக் காட்டினாள். ரவிக்கைப் பதிலை நம்பி எல்லாவற்றையும் கோடு கீழே என்று மாற்றியிருந்தாள். அதில் என் கூற்று உடையவில்லை. அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கோடு மேலே என்று மாற்றினாள். அதிலும் உடையவில்லை. இரண்டையும் கலந்தால் மட்டும் உடைந்தது. சென்னைக்குப் போகும் வண்டி ஒன்று வந்து நின்று, கிளம்பிப் போனது. நான் ஏறவில்லை.

"உன் கூற்று சரிதான்" என்றாள். பிறகு திரையைப் பார்த்தபடியே, "ஆனா இவ்ளோ நாளா என் புரோகிராம் ஓட்டிக்கினு இருந்தது இன்னா?" என்றாள்.

அது ஒன்றும் இல்லை, எழுத்துப்பிழை என்று சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் அவள் அதைப் பல நாள் ஓட்டிப் பார்த்திருந்தாள். கலவையில் எல்லா இடத்திலும் உடைவதில்லையாம். சில வடிவங்களில் மட்டும்தான் உடைகிறதாம். எந்த வடிவங்கள் என்று அவளுக்கு ஒரு ஊகமும் இருந்தது. பிழை என்றால் தாறுமாறாக அல்லவா உடையவேண்டும், இது ஏன் ஒழுங்காக உடைகிறது என்று கேட்டாள். அவள் காட்டிய வடிவங்களில் ஒரு ஒழுங்கு இருந்தது போலவும் இருந்தது, இல்லாதது போலவும் இருந்தது.

அடுத்த வண்டியில் நான் கிளம்பினேன். ஏறுவதற்கு முன், கோபமா என்று நினைத்துத்தான் வந்தேன் என்று சொன்னேன். "எதுக்குக் கோவம்? பிசகு இருக்கும்னு நீ சொன்னே, நானும் இருக்கும்னேன்" என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு அது. நான் அதற்காக ஒரு வாரம் தவித்திருந்தேன்.

கட்டுரையை முழுக்க ஒரே விதமாக, கோடு மேலே என்று, திருத்தி எழுதினேன். ஊர் திரும்பிய வழிகாட்டி படித்துவிட்டு, இப்போது சரியாக இருக்கிறது என்றார். கலவை பற்றிச் சொன்னேன். அது வெறும் பிழை, அதை விடுங்கள் என்றார். கட்டுரையில் தோழியின் பெயரையும் சேர்க்கலாம் என்று நான் கேட்டதற்கு அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாதது அவள்தான். "அது உன்னுது. எனக்கு எதுக்கு? கலந்தது என்னுது, அத நான் வச்சிக்கறேன்" என்றாள். கடைசியில் நன்றி சொல்லும் வரியில் மட்டும் அவள் பெயர் இருக்கிறது. ஒரு சின்ன ஆய்விதழில் கட்டுரை வந்தது. அச்சில் பார்த்தபோது சந்தோஷம்தான். ஆனால் மேலே எது, கீழே எது என்று ஒவ்வொரு பக்கமாகத் திருப்பிச் சரிபார்த்த பிறகுதான் கணவரிடம் காட்டினேன்.

தோழி கலவையை விடவில்லை. இரண்டு விதமும் கலந்த இடத்தில், ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு முகம் இருப்பதாக எடுத்துக்கொண்டால் அது வேறொரு பெரிய வெளியில் ஒழுங்கான நகர்வாக ஆகிவிடுகிறது என்கிறாள். அப்படியானால் அது பிழையே இல்லை, தனியாக ஒரு பொருள். எனக்கு அதில் பாதிக்கு மேல் பிடிபடுவதில்லை. வாராந்திர விடுமுறை அன்று போன் செய்து சொல்வாள். சில நாள் நேராக வந்துவிடுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தாள். கூடத்தில் தரையில் உட்கார்ந்து, பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் வரைந்துகொண்டே போனாள். என் கணவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"இது சரியா தப்பா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

"தெரியல சார்" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். நானும் தெரியாது என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அவள் இன்னொரு தாளை இழுத்து, நான்கு புள்ளி வைத்து, புரிந்ததா என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவள் காபியை எடுத்து இரண்டு மடக்கு குடித்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.